இட்லித் தட்டின் மேல் ஒரு லேப்டாப்

ஆயுத பூஜை அன்று லேப்டாப்புக்குச் சந்தனம் பூசியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வீட்டில் சொல்ல எனக்கு இருபத்து மூன்று நாள் ஆயிற்று.

பூசியது என்றால் லேசாக ஒரு பொட்டு இல்லை. சைக்கிளுக்கு ஒன்று, அரிவாள்மணைக்கு ஒன்று, மிக்சிக்கு ஒன்று, மச்சான் அப்பாதுரையின் தறிக்கு நாலு மூலைக்கும் நாலு என்று வைத்துக்கொண்டே வந்தவன், லேப்டாப்பிடம் வந்ததும் நெகிழ்ந்துவிட்டேன். வீட்டிலேயே அதிகம் படித்த ஆயுதம் அதுதான். வாழையிலை போட்டு, மஞ்சள் கலந்த அரிசியைப் பரப்பி, அதன்மேல் உட்காரவைத்தேன். அணைத்துவைத்த மெஷினுக்குப் பூஜை போட்டால் பலன் வருமோ வராதோ என்று ஆன் செய்தும் வைத்தேன். அதன் இடது பக்கத்தில் வரிவரியாக ஒரு சல்லடை இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை அந்த வரிகளில் பாந்தமாக அப்பினேன். நடுவில் குங்குமம். பிறகு சாம்பிராணி.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். சூடான காற்று வெளியேற வழி வேண்டும் என்று எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவன். அந்த அம்புக்குறி வெளியே வருகிற ஓட்டையைத்தான் சந்தனத்தால் அடைத்திருக்கிறேன்.

லேப்டாப் என்னுடையது அல்ல, என் மனைவி ஜீவிதாவுடையது. அவள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். நான் பக்கத்துக் கிராமம் கூரத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். பள்ளிக்கூடம் பக்கம் என்ற சாக்கில் மாமனார் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவன். ஜீவிதா சேலைக்கு டிசைன் போடுவாள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சாயம் தீட்டிச் செய்கிற வேலையை அவள் கம்ப்யூட்டரில் செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால் உரு சேலையில் இறங்கும். அது 2008. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத வருஷம். அதனால்தான் மேஜைக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று, சென்னையில் ஒருத்தர் விற்ற பழைய லேப்டாப்பாகப் பார்த்து வாங்கினாள்.

அவள் போட்ட டிசைன் பல்லி. வரதர் கோயிலில் ஊர் உலகமே வரிசையில் நின்று தொடுகிற அந்தப் பல்லிதான். பார்டரில் ஜோடி ஜோடியாக, தூரத்தில் பார்த்தால் கொடி போலவும் கிட்டத்தில் பார்த்தால் பல்லியாகவும் தெரிகிற மாதிரி. கல்யாணப் புடவையில் பல்லியா என்று கேட்டவன் நான். அதற்கு அவள், “காஞ்சிபுரம் வரவங்க பல்லிய தொட்டுட்டு, பட்டு வாங்கிக்கினு போறாங்க. ரெண்டையும் ஒண்ணா குடுத்தா இன்னா?” என்றாள்.

காந்தி ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜகோபாலிடம்தான் அதைக் காட்டியாக வேண்டும். அவர் சரி என்றால் அட்டை அடிக்கலாம், அப்பாதுரை தறியில் ஏற்றலாம், ஜீவிதா டிசைனர் ஆகலாம். இல்லையென்றால் அவள் பழையபடி அடுத்தவர் டிசைனுக்குக் கட்டம் நிரப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ராஜகோபால் கெட்டவர் இல்லை. எட்டு மாதமாக “பாக்கலாம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கடைசியில், தீபாவளிக் கூட்டம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

பூஜை அன்று சாயங்காலமே லேப்டாப் குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஊறாத உளுந்தைப் போட்டு அரைக்கிற மிக்சி மாதிரி முதலில். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். கை வைத்தால் தோசைக்கல். ஐந்து நிமிஷம் ஓடும், பட்டென்று அணைந்துவிடும். பழைய சாமான்தானே, வயசாகிவிட்டது என்று ஜீவிதா நினைத்தாள். நினைக்கட்டும் என்று நானும் விட்டேன்.

விட்டேனே தவிர, சும்மா இருக்கவில்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துத் துடைப்பத்தில் ஒரு ஈர்க்குச்சி உருவி, காய்ந்து கல்லாகிவிட்ட சந்தனத்தை வரிவரியாகச் சுரண்டினேன். உள்ளே குச்சி எதிலோ மாட்டியது. இழுத்தேன். ‘டிக்’ என்றது. அதற்கப்புறம் உளுந்து அரைக்கிற சத்தம் போய், ஓட்டை லாரி மலை ஏறுகிற சத்தம் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கிற சாமுவேலிடம் நானே எடுத்துக்கொண்டு போனேன், ஜீவிதா வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு. சாமுவேல் அடிமூடியைக் கழற்றினார். சந்தனமும் குங்குமமும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து ஒரு செங்காவி அடை. அதற்குள் பட்டு நூலின் பிசிறு மெல்லிய கம்பளி மாதிரி. காற்றாடியில் ஒரு இறக்கை இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குல ஈர்க்குச்சி.

சாமுவேல் ஈர்க்குச்சியைச் சாமணத்தால் எடுத்து என் முன்னால் வைத்தார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“மெஷின் பொழைச்சிடுமா சாமுவேல்?”

“பாக்கலாம் சார்.”

சுத்தம் செய்து கொடுத்தார். புதுக் காற்றாடி சென்னையிலிருந்து வர வேண்டும், தீபாவளி தாண்டித்தான் கிடைக்கும் என்றார். எந்தத் தேதி என்று கேட்டேன், அதற்கும் பாக்கலாம் என்றார். அதுவரை ஓடுமா என்று கேட்டேன், ஓடுகிற வரைக்கும் ஓடும் என்றார். எங்கள் ஊரில் நேராக ஒரு பதில் வாங்குவது பிரம்மோத்ஸவத்தில் செருப்பைத் தேடுவது மாதிரி.

வீட்டில் ஜீவிதா உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. பட்டுப் பிசிறு இருந்தது என்று சொன்னேன். இருந்ததில் கால் பங்கை மட்டும் சொன்னேன்.

அந்தக் கால் பங்கு என்ன செய்தது என்று கேளுங்கள். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ததால்தான் மெஷின் கெட்டது என்று ஜீவிதா முடிவு செய்துவிட்டாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையல் கட்டின் மூலைக்குப் போனாள். அங்கே வெளிச்சம் கிடையாது. நூலின் நிறத்தைத் திரையின் நிறத்தோடு ஒப்பிட வேண்டியபோதெல்லாம் நடந்து நடந்து கால் ஓய்ந்தாள். அப்பாதுரையோ தன்னால்தான் தங்கையின் மெஷின் போயிற்று என்று, தறியைச் சுற்றிப் பழைய புடவையைத் திரையாகக் கட்டிவிட்டு, காற்று வராத கூண்டுக்குள் வேர்த்து வழிய நெய்தார். ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி என்னிடம் கேட்டார்.

“இன்னும் பிசிறு போவுதா மாப்ள? வேணும்னா நெய்யறத கொஞ்சநாள் நிறுத்திட்டா?”

இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். கை கழுவினேன். கை கழுவியதோடு சரி.

தீபாவளி போயிற்று, காற்றாடி வரவில்லை, வெள்ளிக்கிழமை வந்தது. லேப்டாப் பதினெட்டு நிமிஷம் தாங்கியது; நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தேன். ஜவுளிக்கடையில் மேஜை இருக்காது, வெள்ளைத் துணி போட்ட மெத்தைதான். மெத்தையில் வைத்தால் அடிப்பக்கம் மூச்சு முட்டி ஏழு நிமிஷத்தில் போய்விடும். அறிவியல் வாத்தியார் அப்போதுதான் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார். இட்லிப் பானையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்தார். நாலு குழியும் நாலு மேடாயிற்று, மேட்டுக்கு மேடு ஓட்டை. அதன்மேல் லேப்டாப்பை வைத்தால் அடியில் காற்று தாராளமாக விளையாடும். பனையோலை விசிறி ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டேன். ஜீவிதா பையைப் பார்த்துவிட்டு, நாம் டிசைன் காட்டப் போகிறோமா, டிபன் கடை போடப் போகிறோமா என்று கேட்டாள்.

ராஜகோபால் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கம் அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார். பெண், அம்மா, சித்தி, அவர்களைச் சுற்றி நாற்பது சேலை. நான் இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். ராஜகோபால் அதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய வியாபாரி. ஜீவிதா லேப்டாப்பை ஆன் செய்தாள். லாரி மலை ஏற ஆரம்பித்தது.

“இன்னாம்மா, உள்ள விசைத்தறி ஓடுதா?” என்றார் ராஜகோபால்.

நான் விசிற ஆரம்பித்தேன். லேப்டாப்புக்கு விசிறுகிற அளவுக்கு வந்துவிட்ட மனிதனைக் கடைப் பையன்களிலிருந்து கல்லாவில் இருந்தவர் வரை எல்லாரும் பார்த்தார்கள். ஜீவிதா மட்டும் பார்க்கவில்லை. அவள் பார்டரைப் பெரிதாக்கிக் காட்டினாள், பல்லியின் வால் எப்படிக் கொடியாகிறது என்று காட்டினாள், எத்தனை அட்டை ஆகும், எந்த நிறத்துக்கு எந்த ஜரிகை என்று சொன்னாள். ராஜகோபால் முன்னால் சாய்ந்தார். முந்தானையைக் காட்டச் சொன்னார். அவள் கை முந்தானைக்குப் போனது. பட்டென்று அணைந்துவிட்டது. பன்னிரண்டே நிமிஷம். கடைக்குள் இருந்த புழுக்கத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜீவிதா கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மன்னிச்சிடுங்க மொதலாளி. எங்க வீட்ல தறி இருக்குது. நூல் பிசிறு உள்ள போயி இப்பிடி ஆயிடுச்சி. தறி வீட்ல இதெல்லாம் சரிப்படாதுனு இப்பதான் தெரிது. நான் பேப்பர்லயே...”

“தறி இல்ல,” என்றேன்.

விசிறி என் கையில் நின்றுவிட்டது.

“தறியும் இல்ல, பிசிறும் இல்ல. நான்தான். ஆயுத பூஜைக்கு மூச்சு உடற ஓட்டையில சந்தனம் வெச்சி அடைச்சேன். அப்புறம் அத எடுக்கறேன்னு ஈர்க்குச்சி உட்டு காத்தாடிய ஒடைச்சேன். இவ அண்ணன் பாவம், திரை கட்டிக்கினு வேர்த்துக்கினு நெய்யறாரு.”

எதிர்ப் பக்கத்துச் சித்தி கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். ஜீவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருஷக் கல்யாணத்தில் அந்தப் பார்வையை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். முதல் தடவைக்கு ஒரு வாரம் வெறும் கஞ்சி.

ராஜகோபால்தான் முதலில் அசைந்தார். கல்லாப் பக்கம் திரும்பி, பில் அடிக்கிற மெஷினை இப்படிக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். திருப்பினார்கள். பேப்பர் போகிற வாயில், மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்து.

“என் கைவேலை,” என்றார். “அன்னிலேர்ந்து பில்லுல கடைப் பேரு பாதிதான் உழுவுது. கம்பெனிக்காரன் வந்து கேட்டான். தெரிலனு சொல்லிட்டேன்.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கல்லாக்காரர் என்று நினைக்கிறேன். அவருக்குத்தான் இருபத்து மூன்று நாளாக அடக்கிவைத்த சிரிப்பு இருந்தது. ஜீவிதா சிரிக்கவில்லை. ஆனால் விசிறியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“வீசுங்க,” என்றாள்.

வீசினேன். பத்து நிமிஷம் தட்டோடு சேர்த்து வீசினேன். தோசைக்கல் ஆறிற்று. மறுபடி ஆன் செய்தாள். கூடுதலாகவே சத்தம் போட்டுக்கொண்டு எழுந்தது. இப்போது கடையில் ஒருவரும் சேலை பார்க்கவில்லை. சத்தம் போடுகிற இடத்துக்குத்தானே கண் போகும். அரக்கோணத்துப் பெண் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து எங்கள் மெத்தைக்கே வந்துவிட்டாள். திரை முழுக்க முந்தானை விரிந்தது. கொடி கொடியாக இறங்கி, ஓரத்தில் வந்து சேரும்போது இரண்டு பல்லி, ஒன்று பொன், ஒன்று வெள்ளி.

“ஐ, நம்ம தொட்டுட்டு வந்தமே, அந்தப் பல்லிம்மா,” என்றாள் அம்மாவிடம். பிறகு விற்பனைப் பையனிடம், “அண்ணா, இத எடுத்துப் போடுங்க.”

“இது இன்னும் பொறக்கலம்மா,” என்றான் அவன்.

“எப்பப் பொறக்கும்? எனக்குத் தையிலதான் கல்யாணம்.”

பையன் ராஜகோபாலைப் பார்த்தான். ராஜகோபால் கூரையைப் பார்த்தார். அவர் உதடு ‘பா’ என்பதற்குச் சேர்வதை நான் பார்த்தேன். எட்டு மாதமாகப் பார்த்த உதடு. கடைசி ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. லேப்டாப்பின் முனகல் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு இனிமேல் போவதற்கு மானம் என்று எதுவும் மிச்சம் இல்லை. அதில் ஒரு சௌகரியம் இருந்தது.

“மொதலாளி,” என்றேன், விசிறுவதை நிறுத்தாமல். “நான் உண்மைய சொல்லிட்டேன். நீங்களும் ஒண்ணு சொல்லிடுங்க. பல்லி உண்டா, இல்லியா?”

அவர் இட்லித் தட்டைப் பார்த்தார். ஜீவிதாவைப் பார்த்தார். பெண்ணின் விரல் திரையில் இருந்த பொன் பல்லியைத் தொட்டபடியே இருந்ததையும் பார்த்தார்.

“உண்டு வாத்தியாரே,” என்றார். “திங்கக்கிழம அட்டை அடிக்கக் குடுத்துடுங்க. அப்பாதுரைய திரைய அவுக்கச் சொல்லுங்க.”