அண்ணன் போட்ட ஒயரிங்

சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. முகப்பு விளக்கு மஞ்சளாக மங்கிவிடும். பேட்டரி புதுசு, போன வாரம்தான் மாட்டினேன். இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்ட இரண்டாவது ஆள், "எந்தப் புண்ணியவான் பண்ண வேலைங்க இது? எல்லாமே சிவப்பு ஒயரா இருக்கு. எதைப் புடிச்சு எங்க போறது?" என்றார்.

புண்ணியவான் என் அண்ணன். அப்பாவின் பழைய பிக்கப்புக்கு முழு ஒயரிங்கையும் அவன்தான் மாற்றினான். அன்றைக்குக் கடையில் சிவப்புச் சுருள் மட்டும்தான் இருந்தது. வேறு நிறம் வரட்டும் என்று ஒரு நாள் பொறுக்க அவனால் முடியாது. "எது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்ல, போதாதா?" என்றான். போதும்தான், அவன் பக்கத்தில் இருந்தவரைக்கும். அப்பா போன அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "வண்டியப் பாத்துக்கிட்ட அளவுக்குக்கூட நீ அப்பாவப் பாத்துக்கல" என்று சொல்லிவிட்டேன். நரம்பில்லாத நாக்கு. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தான். நாலு வருஷமாகிறது. நடுவில் என் மனைவியும் போய்ச் சேர்ந்தாள். அதைக்கூட நான் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இப்போது இந்த வீட்டில் நான் பேசுவது பிக்கப்போடு மட்டும்தான், அதுவும் பாதி திட்டு.

மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுத்தான்.

"வண்டி எடுக்க மாட்டேங்குதுண்ணே."

எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. "ஸ்பீக்கர்ல போட்டு இஞ்சின் மேல வையி. வச்சிட்டு சாவியத் திருகு."

திருகினேன். டக்.

"கேட்டுச்சு. பேட்டரி மைனஸ்லேர்ந்து இஞ்சினுக்கு ஒரு தடி ஒயர் போகும். இஞ்சின் பக்கத்து நுனியத் தொட்டுப் பாரு, சுடுதா?"

சுட்டது.

"அப்ப அந்த எர்த்து ஒயர் சரியாப் புடிக்கல. கழட்டி, துருவத் தேய்ச்சுட்டு இறுக்கி மாட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

உப்புத்தாளால் தேய்த்தேன். அவன் இருமுவது கேட்டது. அந்த இருமல் புதுசு. கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமலே தேய்த்தேன். "மேலாப்புல தேய்க்காத, பளபளன்னு வரணும்" என்றான். சின்ன வயதில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே எரிச்சல். அந்த எரிச்சலுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

போல்ட்டை இறுக்கிவிட்டு வண்டியில் ஏறினேன். விளக்கைப் போட்டு, சாவியை ஒரு படி மட்டும் திருப்பினேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. இன்னும் ஒரு திருகல்தான், இஞ்சின் எடுத்துவிடும். எடுத்ததும், "சரி, வச்சிடுறேன்" என்பான். சாவியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

"என்னாச்சு?" இஞ்சின் மேலிருந்து அவன் குரல்.

"இல்லண்ணே. இன்னும் எடுக்கல."

அந்த 'டக்'கூட இந்தத் தடவை அவனுக்குக் கேட்டிருக்காது. அப்புறம் அந்தப் பக்கம் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான். "எர்த்த மறுபடியும் கழட்டு. மொதல்லேர்ந்து பாப்போம்."

நான் இறங்கிப் போய், நன்றாக இறுகியிருந்த போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தளர்த்த ஆரம்பித்தேன்.