முறை வயலின் மடை

ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் லுபுக் நிபிஸ் ஊரில் ஒரு பெண்ணிடம் "உனக்கு வயல் உண்டா?" என்று கேட்டால் உண்டு, இல்லை என்று பதில் வராது. "போன வருஷம் இருந்தது" என்பாள். இல்லையென்றால் "அடுத்த வருஷம் வரும்" என்பாள். அம்மாவின் வயலை மகள்கள் துண்டு போடக் கூடாது. முழு வயலும் வருஷத்துக்கு ஒரு மகளிடம் போகும். மூன்று மகள்கள் என்றால் இரண்டு வருஷம் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, மூன்றாம் வருஷம் சேற்றில் கால் வைக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு வயலில் பங்கு கிடையாது. பஞ்சாயத்து பண்ணும் உரிமை உண்டு. அதை மட்டும் ஒரு குறையும் வைக்காமல் செய்துவருகிறார்கள்.

அந்த வருஷம் யூலினாரின் முறை. அவள் நடு மகள். மூத்தவள் ஜஸ்மானி முடித்தாயிற்று, இளையவள் தெஸ்மிக்கு அடுத்த வருஷம். யூலினாரின் புருஷன் மலேசியாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவன். அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்ற செய்தி வந்தது, ஆள் வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவள் ஊரார் வயலில் நாற்று நட்டாள், மலைச்சரிவில் இலவங்கப்பட்டை மரம் உரித்தாள், கடை அரிசி வாங்கித் தின்றாள். இந்தப் பள்ளத்தாக்கில் கடை அரிசி வாங்குவதைவிடப் பிச்சை எடுப்பது மேல். அரிசிப் பையைக் கைலிக்குள் மறைத்துக்கொண்டுதான் வருவார்கள். மறைத்து என்ன பிரயோஜனம், கடைக்காரியின் வாயை எதற்குள் மறைப்பது?

ஆகவே இந்த முறை நெல் அவளுக்கு வெறும் நெல் இல்லை. களஞ்சியம் ஒரு தடவை நிறைந்துவிட்டால் அடுத்த முறை வரும்வரை கஞ்சிக்காவது கவலை இல்லை. நாற்றுவிடும்போதே ஒவ்வொரு சாணையும் கண்ணால் அளந்தாள். அப்போதுதான் அவள் கண் மடையில் போய் விழுந்தது.

வயலின் தலைமாட்டில் ஆறு வளைந்து வந்து கரையில் மோதும். அந்த மூலையில் அம்மா காலத்தில் ஓர் எருமை நுழையும் அகலத்துக்கு ஒரு மடை இருந்தது. அதன் பின்னால் புல் மண்டிய ஒரு பட்டை நிலம். அதில் யாரும் நட மாட்டார்கள். ஆறு பெருகினால் தண்ணீர் அந்த வழியே உள்ளே வந்து, வயல் முழுக்கப் பரவி, வேகம் குறைந்து, மறுபக்கத்துச் சதுப்பில் போய் இறங்கிவிடும். பயிர் போகும், கரை நிற்கும். அம்மா கண்ணை மூடிய பிறகு மூத்தவள் தன் முறையில் மடையில் நாலு கல்லை அடுக்கி, பட்டையில் கொஞ்சம் நட்டாள். அடுத்தடுத்த முறைக்காரிகள் இன்னும் நாலு நாலு கல். பெருவெள்ளம் எப்போதோ ஒரு தடவை வருவது, அது சரியாக என் வருஷத்தில்தான் வருமா என்ற நினைப்பு எல்லோருக்கும். யூலினாரின் முறை மறுபடி வந்தபோது மடையில் ஓர் ஆடு நுழையும் இடம்தான் மிச்சம். அதையும் அவள் பாறாங்கல் உருட்டி அடைத்தாள்.

அந்த வழியாகப் போன தெஸ்மி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லா அடை அக்கா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"நீ ஏன் செய்ய மாட்டே? உனக்கு அடைச்ச மடையே கிடைக்கப் போகுது, கல்லு தூக்கற வேலை கூட மிச்சம்," என்றாள் யூலினார்.

பயிர் மார்பளவு வளர்ந்தது. கதிர் பழுத்துத் தலை சாய்த்தபோது யூலினார் களஞ்சியத்தைக் கூட்டி, எலி வளையை அடைத்து, கூரைக்கு ஓலை மாற்றினாள். அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம். கடைக்காரியிடம் போய், "இனிமே என் தலையைப் பாக்கணும்னா கறி மசாலாவுக்கு வருவேன், அரிசிக்கு வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டும் வந்தாள். சொல்லியிருக்க வேண்டாம்.

ஊரில் வெயில்தான் அடித்தது. மழை மலையில். மத்தியானம் சோற்றில் கை வைத்திருந்தவள் காதில் ஆற்றின் சத்தம் மாறிக் கேட்டது. கையைக் கூடக் கழுவாமல் ஓடினாள். ஆறு செம்மண் குழம்பாக, வேரோடு பிடுங்கிய மரங்களைச் சுமந்துகொண்டு, வளைவில் வந்து வயல் கரையை முட்டிக்கொண்டிருந்தது. கரை பிட்டுப் பிட்டாக விழுந்தது. உள்ளே நெல் ஒன்றும் தெரியாமல் பொன்னாக நின்றது.

தெஸ்மி அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து மடைக் கல்லின் மேல் நின்றிருந்தாள்.

"அக்கா, மடையைத் திற! கரை போகுது பாரு!"

"திறந்தா என் நெல்லு போகும்."

"திறக்கலேன்னா வயலே போகும்!"

"ஓகோ! அடுத்த வருஷம் உன் முறை, அதான் இந்த ஓட்டம் ஓடி வந்தியா? நான் ஒத்தையா குனிஞ்சு நாத்து நட்டப்போ இந்தக் காலு எங்கேடி போச்சு?"

"ஆமா, அதுக்குத்தான் வந்தேன். பொய் சொல்லவா? வீட்டுல என் மனுஷன் இடுப்பொடிஞ்சு கெடக்கான். எனக்கு இந்த வயலை விட்டா வேற எது இருக்கு?"

தெஸ்மி சொன்னது உண்மைதான். அவள் புருஷன் பஹ்ரி பட்டை மரத்திலிருந்து விழுந்து ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். ஆனால் உண்மையைக் கேட்டால் வயிறு நிறைந்துவிடுமா?

"ஒரு வாரம்டி," என்றாள் யூலினார். "ஒரே ஒரு வாரம் இந்த ஆறு பொறுக்கக் கூடாதா? கரை நிக்கும். நிக்கும்னு சொல்லு."

தெஸ்மி கரையைக் கை காட்டினாள். கரையோரம் நின்ற பாக்கு மரம் சாயக்கூட இல்லை, நின்ற நிலையிலேயே ஆற்றுக்குள் இறங்கிப்போனது. அதோடு ஒரு பாய் அகலத்துக்கு வயலும் நெல்லும் போனது. அடுத்த பாய் அகலமும் விரிசல் விட்டது. யூலினார் அதைப் பார்த்தாள். தான் எலி வளை அடைத்த களஞ்சியத்தை நினைத்தாள். பிறகு, "யா அல்லா, உனக்குக் கண்ணே இல்லையா!" என்று அலறிக்கொண்டே போய், தான் அடைத்த பாறாங்கல்லைத் தானே கட்டிப்பிடித்துப் புரட்டினாள்.

அக்காளும் தங்கையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல் பிடுங்கினார்கள். தெஸ்மி "அக்கா, பாத்து அக்கா, இந்தப் பக்கம் அக்கா" என்று அன்றைக்கு நூறு அக்கா போட்டாள். கடைசிக் கல்லை அவர்கள் எடுக்க வேண்டியிருக்கவில்லை, ஆறே எடுத்துக்கொண்டது. தண்ணீர் உள்ளே பாய்ந்து, நெல்லைப் படுக்கவைத்து, அதன்மேல் சேற்றைப் போர்த்திக்கொண்டு போனது. வளைவில் ஆற்றின் வேகம் தணிந்தது. விரிசல் விட்ட கரை விரிசலோடேயே நின்றது. யூலினார் வரப்பில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனது. எட்டாத வாய் யாருடையதோ அவளுக்குத்தானே தெரியும்.

தண்ணீர் வடிந்தபின் தாய்மாமன் தர்வீஸ் மூன்று சகோதரிகளையும் தன் வீட்டுக்கு அழைத்தார். குலத்துக்குத் தலைவராகத் தெபாதி பட்டம் கட்டியவர். அவர் சொன்னால் சொன்னதுதான். காப்பி இலைக் கஷாயம் வந்தது, யாரும் தொடவில்லை.

"மாமா, நான் ஒரு கதிர் அறுக்கல," என்றாள் யூலினார். "மடையைத் திறந்து வயலைக் காப்பாத்தினது நான். அடுத்த வருஷமும் எனக்கே விடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வரிசையா போகட்டும்."

ஜஸ்மானி உச்சுக் கொட்டினாள். "பாவம்தான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. இன்னிக்கு உனக்கு ஒரு வருஷம் தள்ளினா, என்னோடதும் சேர்ந்துல்ல தள்ளும்?"

மாமா தாடியை நீவினார். "முறைங்கிறது வருஷத்தோட கணக்கும்மா. நெல்லோட கணக்கு இல்ல. உன் வருஷம் முடிஞ்சுது. இளையவ தானா விட்டுக்கொடுத்தா அதை நான் தடுக்க மாட்டேன். கொடுன்னு சொல்லவும் மாட்டேன்."

எல்லோரும் தெஸ்மியைப் பார்த்தார்கள். அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா செஞ்சதை நான் மறக்கல, மாமா. ஆனா படுத்துக் கெடக்கற மனுஷனுக்கு நான் என்னத்தைப் போடுவேன்?" என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கல்லு தூக்கறப்போ அக்கா அக்கான்னு உருகினியே, அந்த அக்கா ஆத்தோட போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டு யூலினார் எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் கடைக்காரி எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு அரிசியை நிறுத்து வைத்திருந்தாள். யூலினார் அழாமல் இருந்திருப்பாள், அந்தக் கரிசனத்தில்தான் அழுதாள்.

நடவுக் காலம் வந்தது. தெஸ்மி கூலிக்கு ஆள் கூப்பிட்டாள். யூலினார் போகக் கூடாது என்றுதான் இருந்தாள். ரோஷம் உலையில் வேகுமா? மற்றப் பெண்களோடு சேர்ந்து, நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் வயலுக்குக் கூலிக்காரியாகப் போனாள்.

கால் வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முழங்கால் வரை வழவழவென்று இறங்கியது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். அவளுடைய நெல்லைத் தின்று அதன்மேல் படுத்த வண்டல். இதில் எதை நட்டாலும் ஒன்றுக்கு இரண்டாக விளையும். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த எர்லிஸ் கூட, "தங்கச்சிக்கு அடிச்சுது யோகம்!" என்றாள். யூலினாருக்குக் காது வரை எரிந்தது. குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டே போய், வயலின் தலைமாட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தாள்.

மடை அடைத்திருந்தது.

அரைகுறையாக இல்லை. அவளும் தெஸ்மியும் சேர்ந்து பிடுங்கிய அதே கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் மண் அப்பி, பின்னால் உள்ள பட்டையில் காலையிலேயே நாற்றும் நட்டாகியிருந்தது.

யூலினார் கையிலிருந்த நாற்று முடியை அப்படியே போட்டாள். பட்டையில் இறங்கி நாற்றைப் பிடுங்கி வரப்பில் வீசினாள். பிறகு மடைக்கு ஏறி முதல் கல்லைப் புரட்டினாள். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் முதுகை நிமிர்த்தினார்கள். மறு கோடியிலிருந்து தெஸ்மி சேறு தெறிக்க ஓடி வந்தாள்.

"என்ன பண்றே? பைத்தியமா உனக்கு? இது என் முறை!"

"தெரியும்."

"உனக்கு வயித்தெரிச்சல்! நான் நல்லா இருந்திடுவேன்னு வயித்தெரிச்சல்!"

"ஆமாடி, வயித்தெரிச்சல்தான்," என்று யூலினார் கத்தினாள். மறைக்க அவளிடம் என்ன மிச்சம் இருந்தது? "என் சோத்தை அழிச்சு உன் வயலுக்கு உரம் போட்டிருக்கேன், எரியாம குளிருமா? நீ நல்லா விளை. வயிறு முட்டத் தின்னு. ஆனா இதை அடைக்காதே. முறை உன்னோடது. மடை மூணு பேரோடது."

"நீ அடைக்கலையா? நீ அடைச்சப்போ யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தா ஆத்துல போன அந்த ஒரு பாய் வயலாவது இன்னிக்கு நின்னிருக்கும்."

தெஸ்மிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "இன்னிக்குக் கூலி கேட்டு என் வாசப்படி ஏறாதே," என்று மட்டும் சொல்லிவிட்டு, வரப்பில் கிடந்த நாற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். யூலினார் கடைசிக் கல் வரை புரட்டிவிட்டு, கூலி இல்லாத கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்துப் போட்டாள்.

அன்று தூக்கம் வரவில்லை. மறுபடி அடைத்திருப்பாள், அடைக்காமல் விடுவாளா, பிடிவாதம் பிடித்தவளாயிற்றே என்று புரண்டு புரண்டு படுத்தாள். விடிந்ததும் பிள்ளைகளைக் கூட எழுப்பாமல் வயலுக்கு நடந்தாள். அடைத்திருந்தால் மறுபடி பிடுங்குவது, மறுநாளும் பிடுங்குவது என்று ஒரு முடிவோடுதான் போனாள்.

மடை திறந்தே இருந்தது. அதன் பின்னால் தெஸ்மி, குளிரில் தலையோடு துணியைச் சுற்றிக்கொண்டு, பட்டையின் உள்பக்கத்தில் யூலினார் விட்டுவைத்திருந்த நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காளைப் பார்த்தும் நிமிரவில்லை.

"நின்னு வேடிக்கை பாக்கறே? அந்த முனையிலிருந்து பிடுங்கு," என்றாள்.

"கூலி உண்டா?" என்றாள் யூலினார். களஞ்சியம் காலியாகக் கிடக்கிறவள் அதைத்தானே முதலில் கேட்பாள்.

"நடவுக்கு உண்டு, நேத்து நட்டதுக்கும் சேர்த்துத் தரேன். இதுக்குக் கிடையாது. மூணு பேரோடதுன்னு நீதானே சொன்னே?"

யூலினார் கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். "அப்போ மூத்தவளையும் எழுப்பிக் கூட்டிட்டு வா. அவ மட்டும் என்னத்துக்குத் தூங்கறா?" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.