முகமூடிக்கு வெளியே தொங்கிய விசில்

1

இந்தக் கதை எர்ணாவூர் பக்கம் ஒரு பஸ் ஜன்னலில் ஆரம்பித்தது. முன்னால் கன்டெய்னர் லாரி வரிசை. பஸ் நகர்வதாக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காலி யார்டில், தலை முதல் கால் வரை பச்சை உறையும் ரப்பர் முகமூடியும் மாட்டிய ஆட்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், கொரோனா ரிட்டனா?"

மிலிட்டரி ஒத்திகை என்று கண்டக்டர் விளக்கினார். அணுகுண்டு விழுந்து விஷத்தூசி படிந்த இடத்தில் எப்படி வேலை பார்ப்பது என்று பழகுகிறார்களாம்.

"வியுந்தப்புறமும் வேலை பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிப்போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. குண்டு, துறைமுகம், முகமூடி. தொடர்கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

2

எண்ணூர் வானத்தில் அந்த வெளிச்சம் வெடித்தபோது, மேஜர் விக்ராந்த் தன் காதலியின்

(யார்டில் காதலிக்கு என்ன வேலை? வேண்டாம்.)

இன்னும் சற்று நேரத்தில் ராயபுரம் இருக்கப்போவதில்லை என்பது அந்த ஒருவனுக்கு மட்டுமே

(ராயபுரத்துக்காரர்கள் பத்திரிகை ஆபீசுக்கு நேரிலேயே வந்துவிடுவார்கள்.)

குண்டு எதுவும் விழவில்லை. லோகநாதனுக்கு வேர்த்தது.

இது இருக்கட்டும்.

3

லோகநாதன் வியாசர்பாடிக்காரன். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். வருஷத்தில் இரண்டு மாதம் டெரிடோரியல் ஆர்மியில் ஹவில்தார். [முதலில் தாடி கொடுத்திருந்தேன். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாதாம். வழித்துவிட்டேன்.]

ஒத்திகையின் விதி சுலபம். யார்டு முழுக்க விஷத்தூசி என்று வைத்துக்கொள்ள வேண்டும். கழுவி முடித்து, விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் ஒருத்தன் முகமூடியைக் கழற்றினாலும் மொத்தக் குழுவும் செத்ததாகக் கணக்கு. காலையில் ஒரு குழு அப்படிச் செத்துப்போய் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தது. லோகநாதனின் குழு தேறினால், பதவி உயர்ந்து அவன் நாயிப் சுபேதார். ஆகிவிட்டதாகவே அவன் மனைவி சௌமியா பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நடுவர் மேஜர் ரகுபதி யார்டின் மறு கோடியில், குடைக்கடியில், நன்னாரி சர்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முகமூடி கிடையாது. நடுவர் மேல் தூசி படாது என்பது விதி.

(எழுதுகிறவனுக்கும் அதே விதிதான். இங்கே ஃபேன் ஓடுகிறது.)

4

ஜெகதீசன் விழுந்தான்.

கல்மண்டபத்துப் பையன், படகு இன்ஜின் வேலை, லோகநாதனின் தோஸ்து. விழ வேண்டியவன்தான். 'மயக்கம்' என்று எழுதிய அட்டையைக் காலையிலேயே அவன் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். அவனுக்குப் பரம சந்தோஷம். "நீ இஸ்துகினு போ மாமு, நான் ஜாலியா பட்துகினு வரேன்" என்றிருந்தான்.

மே மாதம். உறைக்குள் ஆள் வெந்துகொண்டிருக்கும் வெயில். லோகநாதன் அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். கால்களைப் பிடித்துக்கொண்டவன் பீம்ராவ், அதே குழுவின் சிப்பாய். போகிற வழியில் ஜெகதீசனின் முழங்கை ஒரு இரும்புக் கட்டையில் இடித்தது.

திட்டு வரவில்லை.

ஜெகதீசன் தெரியாமல் காலை மிதித்தவனின் பரம்பரையையே இழுக்கிறவன். அன்று காலையில்கூட முகமூடிக்குள்ளிருந்து யாரையோ திட்டி, அது பாட்டு மாதிரிக் கேட்டது. ஒருவேளை நடிக்கிறானோ? டீ குடிக்கிற குழுவில் ஒருத்தன் பிரமாதமாக மயங்கி மேஜரிடம் பாராட்டு வாங்கியிருந்தான். இவனும் அதற்கு ஆசைப்பட்டிருக்கலாம். முகமூடிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை.

5

லோகநாதன் மேஜரைப் பார்த்துக் கத்தினான். ரப்பருக்குள் 'ம்ம்' என்றது. இரண்டு கையையும் ஆட்டினான். அது 'இங்கே ஒருத்தன் விழுந்திருக்கிறான்' என்பதற்கான சரியான சைகை. மேஜர் திருப்தியாகத் தலையாட்டினார்.

நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆனால் விசில் அடிக்க வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தார்கள். லோகநாதன் நெஞ்சில் தொங்கிய விசிலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். முகமூடியில் பட்டு டொக் என்றது.*

பீம்ராவ் தன் முகமூடியை அவன் முகமூடியோடு ஒட்டிவைத்துப் பேசினான். "தோ, கோடு தெரியுதுல்ல. தாண்டிட்டுக் கயட்டு. இங்க கயட்டுனா எல்லாரும் காலி."

கோட்டுக்கு முன்னால் கழுவும் தொட்டி. அதில் பூட்ஸ், அப்புறம் உறை, அப்புறம் கையுறை என்று கழுவி, கோட்டைத் தாண்டிக் கடைசியில்தான் முகமூடியைக் கழற்ற வேண்டும். தொட்டிக்கு முன்னால் வரிசை வேறு.

"இவன் என்னைத் திட்டலடா" என்றான் லோகநாதன்.

___
* நம்ப மாட்டீர்கள் என்று இந்த இடத்தை ஒருமுறை அடித்துவிட்டேன். பிறகு யோசித்தேன்: முகமூடி வாங்கியவர் ஒருவர், விசில் வாங்கியவர் இன்னொருவர். திரும்ப எழுதிவிட்டேன்.

6

லோகநாதன் தன் முகமூடியைப் பிய்த்தெடுத்து விசிலை ஊதினான்.

குழு செத்தது. மேஜர் டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருகிறார். அவர் வேகமாக ஓடுகிறவர்தான், ஆனால் யார்டு பெரிது. அதற்குள் முடிவை எழுதிவிட வேண்டும்.

அ) ஜெகதீசன் எழுந்து உட்கார்கிறான். "இன்னாடா பண்ணி வெச்சிகீற, கஸ்மாலம்."

ஆ) முகமூடிக்குள் முகம் காய்ந்து சிவந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று டாக்டர்

இ) வானத்தில் அந்த வெளிச்சம் (எங்கள் பத்திரிகை ஆசிரியர் கேட்பது இதைத்தான்.)

அ, ஆ இரண்டையும் மலரிடம் படித்துக் காட்டினேன். என் கதைகளை டைப் செய்கிறவர். அ-வுக்கு, "அவசரக்குடுக்கை" என்றார். ஆ-வுக்கு, "தங்கமான மனுஷன் சார்" என்றார். விசில் ஊதியவன் ஒரே ஆள், ஊதியதும் ஒரே ஊதல்தான். ஊதுகிறபோது அவனுக்கு அ-வும் தெரியாது, ஆ-வும் தெரியாது. அவனுக்கு மார்க் போடுவதற்கு நான் ஒரு முடிவு தருவதாக இல்லை.

இப்போது அவன் மண்டியிட்டு, ஜெகதீசனின் காதுக்குப் பின்னால் முகமூடிப் பட்டையைத் தேடுகிறான். தடிமனான கையுறை. பிடி வழுக்குகிறது. பீம்ராவ் இன்னும் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நீங்கள் கொஞ்சம் குனிந்து, அந்தப் பக்கத்துப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள்.