பாம்புச்செவிக்குக் கேட்ட சத்தம்

எஞ்சின் தொழிற்சாலையில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பட்டப்பெயர். சோதனைக் கூடத்தில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தவள், இப்போது எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டு பிரிவுக்கும் தலைவி. ஏறிய ஒவ்வொரு படிக்கும் காதுதான் காரணம் என்று பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் கம்ப்யூட்டர் திரையில் கோடுகளை முறைத்துக்கொண்டிருக்கும்போதே, இன்ன வால்வைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பிரித்துப் பார்த்தால் கோளாறு அங்கேதான் இருக்கும்.

புது எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடவேண்டிய நேரத்தில், அதிலிருந்து மெல்லிய கீச்சொலி வருவது அவளுக்குக் கேட்டது. மைக்கில் ஒன்றும் பதிவாகவில்லை. தன் உதவித் தலைவரைக் கூப்பிட்டுக் கேட்கிறதா என்றாள். அவர் தலையைச் சாய்த்து நின்றுவிட்டுக் கேட்கிறது என்றார். அப்புறம் என்ன? உள்ளே ஓடும் செயினை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகத்தையும் மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. உற்பத்திப் பிரிவு தேதி கேட்டு நச்சரித்தது. அவள் பிடி கொடுக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, பக்கத்துப் பிரிவுக்காரர்கள் தங்கள் மின்சாரக் காரை ஓட்டிப் பார்க்க அழைத்தார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதே கீச்சொலி. இதில் செயினே கிடையாதே என்று ஓரங்கட்டி மோட்டாரை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அங்கேயும் கூடவே வந்து நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"கொஞ்ச நாளாவே நான் கூப்பிட்டா நீ திரும்புறதில்ல. ஏதோ கோவம்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன்."

காது மருத்துவர் சோதித்துவிட்டு, இத்தனை வருட எஞ்சின் இரைச்சலில் காது பாதி ஓய்ந்துவிட்டது, இந்தக் கீச்சொலி காதே போடும் சத்தம் என்றார். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியானால் போன வருடம் கண்டுபிடித்த வால்வு? அது காதா, குருட்டு அதிர்ஷ்டமா?

மறுநாள் உதவித் தலைவரை அறைக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் முழித்தார்.

"ஆனா மேடம், எனக்கும் கேட்டுச்சே."

"நெஜமாவே கேட்டுச்சா, நான் சொன்னதால கேட்டுச்சா?"

"இப்ப கேட்டா எனக்கே தெரியல மேடம். நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சுத்தான் நின்னேன். கேட்ட மாதிரிதான் இருந்துச்சு."

அவர்மேல் கோபப்படுவதா, தன்மேல் கோபப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பழைய செயின் போட்ட எஞ்சினையும் புதிய செயின் போட்டதையும் அருகருகே ஓடவிட்டாள். எது எதுவென்று சொல்லாமல், பெயின்ட் அடிப்பவர்களையும் கணக்குப் பிரிவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாள். சிலர் இதுதான் சத்தம் போடுகிறது என்றார்கள், சிலர் அது என்றார்கள். இரண்டுமே நன்றாகத்தான் ஓடுகின்றன என்று கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார். பழைய செயின் போட்ட எஞ்சினுக்கே கையெழுத்துப் போட்டாள்.

தாமதத்துக்கு என்ன காரணம் என்று நிறுவனத் தலைவர் கேட்டபோது, ஒளிவுமறைவில்லாமல் காதுக் கதையைச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் காதுக்குத் தப்பி எதுவும் வெளியே போகாது என்று கைகுலுக்கினார். மறுபடியும் விளக்குவதா, விட்டுவிடுவதா என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அடுத்த எஞ்சின் சோதனைக்கு வந்தபோது, முதலில் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று உதவித் தலைவரை முன்னே நிறுத்தினாள். எஞ்சின் ஓடியது. அவரோ எஞ்சினைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.