சேலைப் பிரிவில் வேர்விட்டவள்

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, மதியம் மூன்றேகாலுக்கு, திருச்செங்கோட்டுப் பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த சௌந்திரத்தின் பாதங்கள் வேர்விட்டன. முதலில் சுண்டுவிரல், பிறகு குதிகால். டைல்ஸ் இடுக்கில் இறங்கிய வேர் சாயங்காலத்துக்குள் கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தினம் பதிமூன்று மணி நேரம், பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிற எதுவும் வேர்விடத்தான் செய்யும். விற்பனைப் பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும் முதலாளி வெங்கடாசலம் நாற்காலிகள் வாங்கியது உண்மை. அவற்றில் சேலை எடுக்க வந்தவர்களின் புருஷன்மார் உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பெல்லாம் அந்தக் கடையில் கிறிஸ்துமஸ் என்று ஒன்று கிடையாது. ஊரில் இருந்த சில கிறிஸ்தவக் குடும்பங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஒரு தட்டில் கேக்கும் முறுக்கும் அனுப்பும், அவ்வளவுதான். பிறகுதான் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒரு மாதம் சும்மா கிடப்பதை முதலாளி கண்டுபிடித்தார். சிவப்புத் தொப்பியும் தெர்மாகோல் பனியும் தள்ளுபடியும் வந்து இறங்கின. மாட்டுத்தொழுவமும் குழந்தையும் எங்கே என்று சர்ச்சிலிருந்து வந்த ஒருவர் கேட்டதற்கு, குழந்தை ஐட்டமெல்லாம் மூன்றாவது மாடி என்றார்கள். டிசம்பர் முழுக்க யாருக்கும் லீவு இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதனால் கடையிலிருந்த ஒரே கிறிஸ்தவப் பெண்ணான சௌந்திரத்துக்கு நான்கு வருஷமாகக் கிறிஸ்துமஸ் இல்லை.

அவள் புருஷன் சின்னராஜ், ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் அலைகிறவன். வண்டியைச் சர்வீஸுக்குக் கொண்டுவரும் சாக்கில் கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் வீட்டில் இருப்பான், மறுநாள் கிளம்பிவிடுவான். நான்கு வருஷமாக அந்த ஒரு நாளும் அவனே கோழி வாங்கி, அவனே குழம்பு வைத்து, தனியாகத் தின்றுவிட்டுப் போனான். சட்டியில் பாதி மீந்திருக்கும்.

வேர்விட்டவள் முதலாளியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங்க, இருவத்தஞ்சாந் தேதி மட்டும் என்னைய ஊட்டுக்கு உடுங்க. அவரு வாராருங்க."

"நானா சாமி புடிச்சு வெச்சிருக்கறேன்? உன்ற காலைக் கேளு," என்றார் முதலாளி.

மறுநாள் அவள் தோளில் பச்சை துளிர்த்ததும், பிளாஸ்டிக் மரத்தைக் குடோனுக்கு அனுப்பிவிட்டு அவளுக்குச் சீரியல் லைட் சுற்றச் சொன்னார். உச்சியில் நட்சத்திரம், விரல்களில் காலி அட்டைப்பெட்டிகள். பரமத்தி வேலூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். செல்ஃபி எடுத்தார்கள், பாவம் என்றார்கள், ஆளுக்கு இரண்டு பையோடு வெளியே போனார்கள். அவள் தெருக்காரி சித்ரா அவள் கிளையிலேயே சேலையைப் போட்டுப் பார்த்து, "கொஞ்சம் நிமுந்து நில்லு சௌந்திரம், முந்தானை தெரியோணுமல்ல," என்றாள்.

இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்குச் சின்னராஜ் ரிக் லாரியைப் பின்பக்கமாகக் கடைக்குள் விட்டான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. போர்வெல் குழியின் ஆழத்தில் சிக்கிய பைப்பை முரட்டுத்தனமாக இழுத்தால் முறிந்துவிடும். தண்ணீர் விட்டு ஊறவைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிக்கொடுத்து, மெதுவாகத் தூக்க வேண்டும். பெண்டாட்டியையும் அப்படித்தான் தூக்கினான். ஒரு வேர்கூட அறவில்லை. பில் போடுகிற இடத்தில் வரிசையும் கலையவில்லை.

"டேய், டைல்ஸு அத்தனையும் இத்தாலிடா," என்றார் முதலாளி.

"டைல்ஸை நீங்களே வெச்சுக்குங்க. வேரு எங்குளுது," என்றான் சின்னராஜ்.

அன்று அவள் வாசலில் நாற்காலி போட்டு, தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு கோழிக்குழம்பு சாப்பிட்டாள். சட்டி காலியானது. மறுநாள் பாதங்களில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு அவனோடு லாரியில் ஏறிவிட்டாள். சத்தீஸ்கரில் இப்போது அவள் வேர் எந்தப் பக்கம் நீள்கிறதோ அங்கே போர் போடுகிறார்கள். இதுவரை தண்ணீர் தப்பியதில்லை.

கடையில் அந்தக் குழியை மூடாமல் செம்மண் நிரப்பி வைத்தார்கள். வேர்விட ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுக்கிற பெண்கள் வேலைக்குத் தேவை என்று விளம்பரமும் கொடுத்தார்கள். கூட்டம் அலைமோதியது. இப்போது நிற்கிற பிரபாவுக்கு முழங்கால் வரை பட்டை கட்டிவிட்டது, ஆனால் இலை போதவில்லை. அதனால் போன வாரம் முதலாளியே சௌந்திரத்தைப் போனில் கூப்பிட்டு, பழையதை மறந்துவிட்டு ஒரு மாதம் மட்டும் வந்து நிற்கச் சொன்னார்.

"உக்கோந்துட்டு இருக்கறனுங்க, அப்பறம் பேசறேன்," என்று அவள் போனை வைத்துவிட்டாள்.