கருவாயனுக்கு வைத்த சாக்கு

பட்டுப்புழுக்கள் நாலாவது தடவை தோலுரித்து எழுந்த வாரம்தான் கருவாயன் இலை அறையில் மூத்திரம் பீய்ச்ச ஆரம்பித்தான். பதினோரு வயதுக் கடுவன் பூனை. குட்டியிலேயே காயடித்தாயிற்று. ஒரு நாளும் கண்ட இடத்தில் போனதில்லை. இப்போது ஜன்னலுக்குக் கீழே சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைத் தூக்கி உதறி அடிக்கிறான். மூன்றாம் நாள் மல்பெரி இலைக் கட்டின் மேலேயே பட்டுவிட்டது. அவ்வளவு இலையையும் எருக்குழியில் கொட்டினோம்.

அப்பா கத்தவில்லை. ஒரு சாக்கை எடுத்து ஆணியில் மாட்டினார்.

“தருமபுரி மார்க்கெட்டுக்குப் பட்டுக்கூடு போற வண்டியிலயே இவனையும் ஏத்திக் கொண்டு போயி எங்கயாச்சும் வுட்டுர்றேன். புழு செத்தா நாம எங்க போறது?”

அவர் சொன்னதில் தப்பில்லை.

அம்மா தினமும் அந்தச் சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். புழு வளர்க்கும் மனையில் கிருமி போக எதற்கும் அதுதான். காய்வதற்குள் அவன் திரும்ப அடித்தான். அம்மா மறுநாள் இரண்டு பங்கு போட்டாள்.

ஆறாம் நாள் அவனைக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, நானும் அம்மாவும் பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறினோம். மாட்டாஸ்பத்திரியில் ஆடு மாடுகளோடு வரிசையில் நின்றோம்.

“உம் பூனை எத்தினி லிட்டர் கறக்குது?” என்றார் ஒருவர்.

“எலிதானுங்க புடிக்கும். உங்க வூட்டுக்கு அனுப்பட்டுங்களா?” என்றாள் அம்மா.

டாக்டர் எழிலரசி அவன் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். மூத்திரத்தையும் சோதித்தார். கல்லும் இல்லை, கிருமியும் இல்லை என்றார்.

“வேற பூனை ஏதாச்சும் வருதா?”

“இல்லீங்க மேடம்” என்றாள் அம்மா.

வருகிறது. நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல்தானே ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கூடைக்குள் இருந்து அவன் என் விரலை நக்கினான்.

“ஒரு செவலைப் பூனைங்க” என்றேன். “பக்கத்து வூட்டு நஞ்சப்பன் மாமா புதுசா வளக்கறாரு. விடியக்காலம் ஜன்னல் வலைக்கு அந்தாண்ட உக்காந்து இவனையே பாக்கும்.”

நான் சொல்லி முடிக்கிறவரை டாக்டர் காத்திருந்தார். பிறகு, “சுவரை எதைப் போட்டுக் கழுவறீங்க?” என்றார்.

அம்மா சொன்னதும் சிரித்துவிட்டார்.

“அந்த நெடி பூனைக்கு மூத்திர நெடி மாதிரி இருக்கும்மா. நீங்க கழுவக் கழுவ, எவனோ வந்து அடிச்சிட்டுப் போயிட்டான்னு இவன் அது மேல அடிக்கிறான். அங்க மட்டும் சோப்புத் தண்ணி போதும். ஜன்னல்ல கீழ்ப்பாதிய மறைச்சிடுங்க. திட்டாதீங்க, கொஞ்ச நாள் ஆவும்.”

பஸ்ஸில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தாள். “இத்தினி நாளா அவன்கூட நாந்தான் போட்டி போட்டிருக்கேன் பாரு.”

ஜன்னலில் அட்டை கட்டினோம். மறுநாளும் அடித்தான். நாலு நாள் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் இல்லை. ஆனாலும் சாக்கு ஆணியிலேயே தொங்கியது.

கூடு ஏற்ற வண்டி வந்த காலையில் அப்பா சாக்கை எடுத்தார். நான் கருவாயனைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டேன். அவர் எங்களைத் தாண்டி இலை அறைக்குப் போனார். செவலை வெளியிலிருந்து வலைக்குள் நகத்தை விட்டுப் பிராண்டி, அட்டையில் ஒரு மூலை கிழிந்திருந்தது. சாக்கை இரண்டாக மடித்து அதன் மேல் வைத்து, நான்கு பக்கமும் ஆணி அடித்தார்.

“அட்டை எத்தினி நாளைக்கு நிக்கும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்து கருவாயனுக்குத் தடுப்பூசி போடப் போகும்போது சொல்லவேண்டும். அப்பாவிடம் அப்படியெல்லாம் சொல்ல வராது. அவர் திரும்பி வருவதற்குள் இலை அறையைக் கூட்டி, சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து வைத்தேன்.