ஓரலுக்கு மூன்று

விவேக் நகரிலிருந்து பள்ளிக்கூடம் வரை பஸ்ஸில் இடம் கிடைத்தும் முத்தம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று பயம். கையில் இரண்டு பிராக்ரஸ் கார்டுகள். ஒன்று மகள் மகாவுடையது, இன்னொன்று அதே எட்டாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு வீணாவுடையது.

மகாவுக்கு இங்கிலீஷில் எழுத்துத் தேர்வுக்கு எண்பதில் முப்பது, பேசிக் காட்டுகிற ஓரலுக்கு இருபதில் மூன்று. இரண்டும் சேர்ந்து முப்பத்தைந்து வராவிட்டால் பெயில். பெயிலான பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளாது, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். வீணாவுக்கு ஓரலில் பதினேழு. நன்றாகப் படிக்கிற பிள்ளைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் ஓரல் நடந்த வாரம் முழுக்க அவள் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவளே முத்தம்மாதான். "போகாமலே பதினேழு ஆன்ட்டி" என்று அவள் சிரித்துக்கொண்டே கார்டை நீட்டியபோது முத்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகாவை உலுக்கிக் கேட்டதில் மீதியும் வெளியே வந்தது. இங்கிலீஷ் எடுக்கும் நோரா மிஸ், ஓரலன்று முன் பெஞ்சுப் பிள்ளைகளை மட்டும் எழுப்பிப் பேச வைத்தாராம். அதற்குள் மணி அடித்துவிட்டதாம். மற்றவர்களுக்கு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மனதில் பட்டதைப் போட்டுவிட்டாராம். வருஷா வருஷம் அப்படித்தானாம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ராஜலக்ஷ்மியின் அறையில் முத்தம்மாவை உட்காரச் சொல்லவில்லை. மகா கதவோரம் நின்றாள். நோரா மிஸ் சிவப்பு மைப் பேனாவுடன் வந்தார்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல வாயே திறக்கறதில்லம்மா. பதினஞ்சு வருஷமா பாடம் எடுக்கறேன். முகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும்."

முகத்தைப் பார்த்தாலே! பிள்ளையின் ஒரு வருஷத்தை முகத்தைப் பார்த்தே முடித்துவிட்டார்களே என்று முத்தம்மா மேஜையருகே ஓர் அடி முன்னால் வந்தாள்.

"மிஸ், நான் பீன்யா கார்மெண்ட்ஸ்ல செக்கிங் பாக்கறவ. ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்ட. ஒவ்வொண்ணையும் உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டுதான் ரிஜெக்ட்ல போடுவேன். கையில எடுக்காமலே போட்டா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் பொண்ண நீங்க ஒரு தடவ எழுப்பிக் கேட்டீங்களா?"

"சொல்ப, கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்று கன்னடம் கலந்து சொன்னார் ராஜலக்ஷ்மி.

முத்தம்மா இரண்டு கார்டுகளையும் மேஜைமேல் வைத்து, வீணாவுடையதைக் காட்டினாள். "இந்தப் பொண்ணு காமாலைல படுத்திருந்தா. அங்கேர்ந்தே வந்து உங்ககிட்ட பேசினாளா?"

ராஜலக்ஷ்மி அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். அந்த வாரம் வீணாவின் பெயருக்கு நேராக ஆறு நாளும் 'ஏ'. நோரா மிஸ்ஸின் காது சிவந்தது.

"வீணாவோடத வேணும்னா கொறச்சிடறேன் மேடம்."

முத்தம்மாவுக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று ஆகிவிட்டது. "அந்தப் பொண்ணுது ஏன் கொறைக்கறீங்க? அவ என்ன பண்ணா? என் பொண்ண இப்பக் கேளுங்க. என் எதிர்லயே கேளுங்க."

சொல்லிவிட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மகா இங்கிலீஷில் பேசி முத்தம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது பேசாமல் நின்றுவிட்டால் அந்த மூன்றுதான் நியாயம் என்று ஆகிவிடும்.

ராஜலக்ஷ்மி தலையசைத்தார். நோரா மிஸ் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். மகா தரையைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். நோரா மிஸ் பேனா மூடியைத் திறந்து மகாவின் கார்டில் ஓரல் கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

மகா வாயைத் திறந்தாள். முதலில் திக்கியது. நடுவில் ஒருமுறை நின்று எச்சில் விழுங்கினாள். பிறகு சரசரவென்று வர ஆரம்பித்தது. சரியா தப்பா என்று முத்தம்மாவுக்குத் தெரியவில்லை. வீணா, ஃபிரண்ட் பெஞ்ச், பெல், ஸெவன்டீன், த்ரீ. அவ்வளவுதான் அவளுக்குப் பிடிபட்டது. ராஜலக்ஷ்மியின் பார்வை மகாவை விட்டு மெல்ல நோரா மிஸ் பக்கம் திரும்பியது.

பேனா கட்டத்தின்மேல் நின்றபடியே நின்றது. அதன் முனையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டு கார்டில் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. மகா இன்னும் நிறுத்தவில்லை.